காலிபர், கடவுள், கிண்டல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் வலது கால் முழுசாகவும் இடது கால் பாதியாகவும் பலம் இழந்தன. வலது காலுக்குத் தொடை வரை காலிபர் என்கிற இரும்புத் தாங்கி, இரண்டு அக்குள் கட்டைகள், வெளியே போகப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

சங்கத்தில் கடனுக்குக் காத்திருப்பவர்கள், ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், விபத்தில் கால் போனவரின் மனைவி, நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பா என்று யார் யாரோ கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். நான் பேசுவது கால் பற்றி மட்டும். பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், மனநலச் சிக்கலோடு வாழ்பவர்கள் ஆகியோரின் அனுபவம் வேறு. அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என்ன ஆச்சு? பிறவியிலேயே இப்படியா?

பிறவியில் இல்லை. ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் கால் துவண்டுவிட்டது. "ஊசி போட்ட கால்தான் விழுந்துபோச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். என் வயதுப் போலியோக்காரர்கள் வீட்டில் எல்லாம் இதே கதையைக் கேட்கலாம். படிக்காத அம்மாக்களின் புலம்பல் என்று அதை ஒதுக்க வேண்டாம். போலியோ கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிற நேரத்தில் தசையில் ஊசி போட்டால் அந்தக் கை கால் முடங்கும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். எந்தக் காய்ச்சலுக்கும் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று ஊரே நம்பிய காலம் அது. போட்டவரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாவையும் குறை சொல்ல முடியாது.

1995-இல் நாடு முழுக்கச் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது. அதற்கப்புறம் இந்தியாவில் காட்டு வைரஸால், அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால், யாருக்கும் வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. ஆக, நாங்கள்தான் கடைசி பேட்ச். இன்னும் எழுபது எண்பது வருஷம் போனால் போலியோ காலை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், டிக்கெட் கிடையாது.

போன ஜென்மத்துப் பாவம் என்கிறார்களே?

சொல்கிறவர்கள் ஒருவரும் விவரம் தருவதில்லை. எந்த ஊர், யாரை ஏமாற்றினேன், எவ்வளவு தொகை? நான் கணக்கு எழுதுகிறவள். வவுச்சர் இல்லாமல் பற்று எழுத மாட்டேன்.

ஆனால் இந்தப் பேச்சின் அடி எனக்கு விழுந்ததைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் விழுந்தது. பாவம் செய்தது பிள்ளையா, பெற்றவளா என்று உறவுக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பாகப்பிரிவினை செய்வார்கள். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடப்பார். நானும் என் தம்பியும் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அந்த விரதங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வினைப்பயனில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் அம்மா காதுபட மட்டும் பேசாதீர்கள்.

அப்படியானால் உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையா?

நிறைய இருக்கிறது. ஆனால் அது சண்டை போடுகிற நம்பிக்கை. அதை எங்கள் ஊர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

சுந்தரரின் கதையை நினைத்துப் பாருங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊரைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. தடவிக்கொண்டே திருவெண்பாக்கம் வருகிறார். "கோயிலில் இருக்கிறீரா?" என்று சிவனைக் கேட்டால், உள்ளேயிருந்து "உளோம் போகீர்" என்று பதில் வருகிறது. இருக்கிறோம், நீ போ. கூடவே ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவனுக்குக் கட்டை! அவர் ஆத்திரத்தில் அதை வீசியெறிந்ததில் நந்தியின் கொம்பு உடைந்தது என்பது அந்த ஊர்க் கதை. காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. மிச்சம் ஒன்றுக்காகத் திருவாரூருக்கு வந்து நின்று, பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். என் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர் அல்லவா, நீரே நல்லா இரும் என்று கடவுளின் முகத்துக்கு நேரே சொல்கிற பாட்டு. அதைத் திருமுறையில் சேர்த்து, ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஓதுவார்கள் அதே சந்நிதியில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வேறு என்ன அனுமதி வேண்டும்?

இன்னொருவர் தண்டியடிகள். அவரும் இதே ஊர்தான், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கியபோது அதைத் தோண்ட இறங்கினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே போய் மண்ணை வெட்டிக் கரையில் கொட்டினார். இந்த ஊரில் கோயில் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்பார்கள். அவ்வளவு பெரிய குளம். வேண்டாம் என்று தடுக்க வந்தவர்கள், சொன்னால் கேட்காததால் "காதும் போய்விட்டதா?" என்றார்கள். மந்த புத்தியும் குருட்டுக் கண்ணும் கேளாக் காதும் உங்களுக்குத்தான் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். பெரியபுராணத்திலேயே இருக்கிறது. கதையின் முடிவில் அவருக்குப் பார்வை கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்த முடிவைவிடக் கயிறுதான் முக்கியம். பார்வை வரட்டும், அப்புறம் தோண்டலாம் என்று அவர் கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. கயிறு வாங்கப் போனார்.

என் பிரார்த்தனையும் அந்த மாதிரிதான். "கால் கொடு" என்று நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. "இந்த மழையில் வழுக்காமல் கொண்டுபோய்ச் சேர்" என்று கேட்பேன். கேட்டது நடக்காத அன்று "வாழ்ந்து போதீரே" இருக்கவே இருக்கிறது.

கோயிலுக்குள் காலிபரோடு எப்படிப் போவீர்கள்?

நல்ல கேள்வி, போலியோக்காரர்கள் மட்டுமே கேட்கிற கேள்வி. காலிபரின் இரும்புக் கம்பிகள் ஷூவின் குதிகாலில் செருகப்பட்டிருக்கும். ஷூவைக் கழற்றினால் காலிபர் நிற்காது, காலிபர் நிற்காவிட்டால் நானும் நிற்க மாட்டேன். செருப்போடு உள்ளே போகக் கூடாது என்பது வாசல் விதி. இரண்டுக்கும் நடுவே நான்.

சில வழிகள் உண்டு. கோயிலுக்கென்று தனியாக ஒரு ஜோடி காலிபர் ஷூ வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தெருவில் படாது. சிலர் சுத்தமான துணியுறையை ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள், வாசலில் கேட்டால் தருவார்கள். சின்னக் கோயிலில் குருக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் பார்த்த வரையில் குருக்கள் ஒத்துக்கொண்டுவிடுவார், வரிசையில் நிற்கிற பக்தர்தான் ஆகமம் பேசுவார்.

மலைக்கோயில் என்றால் பழனியில் விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் காரும் ஓடுகிறது. சோளிங்கரிலும் அய்யர்மலையிலும் 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. இரண்டும் ஆயிரம் படிக்கு மேல் உள்ள மலைகள். காற்று பலமாக அடித்தாலோ பராமரிப்பு வேலை நடந்தாலோ நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போய் வேண்டிக்கொண்டால் குணமாகும் என்கிறார்களே?

இரண்டுமே எங்களுக்குப் பக்கத்து ஊர். அம்மா என்னை இரண்டு இடத்துக்கும் தூக்கிப் போயிருக்கிறார். வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் ஊனமான பையன் மாதாவைப் பார்த்ததும் எழுந்து ஓடினான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கடற்கரையில் மீன் வறுவல் பிடித்திருந்தது. கால் வரவில்லை.

போக வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். போகிற செலவில் பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். குணமாகவில்லை என்றால் உன் விசுவாசம் போதவில்லை என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அப்போது மேரி வர்கீஸை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர். 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஆழ்ந்த பக்தி உள்ளவர், கால் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அதற்கென்று தனித்துறையையே உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய விசுவாசம் போதவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கிண்டல் செய்கிறவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

யார் என்பதைப் பொறுத்தது. சின்னப் பிள்ளைகள் என் நடையை நடந்து காட்டினால் கோபம் வராது. "கட்டையைப் பிடிச்சுப் பாக்குறியா?" என்று கொடுத்துவிடுவேன். ஒரு நிமிஷத்தில் அது விளையாட்டுச் சாமானாகிவிடும், என் நடை மறந்துபோகும். அவர்களை அடித்து இழுத்துக்கொண்டு போகிற அம்மாக்களைப் பார்த்தால்தான் எரிச்சல்.

வயது வந்தவர் மட்டம் தட்டுவது வேறு. பள்ளிக்கூடத்தில் இரண்டு எழுத்தில் ஒரு பட்டப்பெயர், நாலு எழுத்தில் ஒன்று என்று எனக்கு வைத்தார்கள். சினிமா காமெடியும் பல வருஷம் இதில்தான் பிழைத்தது. திக்குவாய் வந்தால் சிரிப்பு, கால் இழுத்து நடந்தால் சிரிப்பு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் இந்திப் படம் பற்றிய வழக்கில் இதை அழகாகப் பிரித்துச் சொன்னது: ஊனமுற்றவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, ஊனத்தோடு வாழ்வதை மற்றவர்களுக்குப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு. எனக்குத் தெரிந்த சோதனை இன்னும் சுலபமானது. ஜோக்கைச் சொல்லி முடித்ததும் நானும் சிரிக்க முடிகிறதா?

எல்லை மீறினால் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-வது பிரிவின்படி, பொதுவெளியில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. நான் இதுவரை யாரையும் கோர்ட்டுக்கு இழுத்ததில்லை. பிரிவு எண்ணை வாய்விட்டுச் சொன்னாலே போதும், பாதிப் பேர் "சும்மா சொன்னேன் மேடம்" என்று நழுவிவிடுகிறார்கள்.

உங்களைப் பற்றி நீங்களே ஜோக் அடிப்பது தாழ்வு மனப்பான்மைதானே?

சில பேருக்கு அப்படி இருக்கலாம். மற்றவன் அடிப்பதற்குள் நாமே அடித்துக்கொள்வோம் என்ற ஜோக் எனக்கும் தெரியும், கல்லூரியில் நிறைய அடித்திருக்கிறேன். அது வலிக்கும். இப்போது அடிப்பது வேறு வகை.

கோயில் வாசலில் வீட்டுக்காரருக்காக நின்றுகொண்டிருப்பேன். போகிறவர் ஒருவர் என் கையில் ஐந்து ரூபாய்க் காசை வைத்துவிட்டு நடப்பார். இது கட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் நடந்திருக்கும். பட்டுப்புடவை, கைக்கடிகாரம், தோளில் பை எதுவும் அவர் கண்ணில் படாது, கட்டை மட்டும்தான் படும். முதல் தடவை அழுதேன். இப்போது வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, "உங்களுக்கு வர வேண்டியதை என்னிடம் கொடுத்துவிட்டார், கமிஷன் எடுக்கவில்லை" என்று தியாகராஜரிடம் சொல்லிவிட்டு வருவேன்.

வீட்டுக்குள் இன்னும் மோசம். ஊனமுற்றவரைத் திருமணம் செய்துகொள்கிறவர்களுக்குத் தமிழக அரசு ரொக்கமும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் தங்கம் கிடையாது. "அவசரப்பட்டுட்டேன்" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் தங்கம் விலை ஏறும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். இந்த ஜோக்கை அவர் அடிக்கலாம். அவருடைய அண்ணன் அடிக்கக் கூடாது. அது எப்படி என்று விளக்கம் கேட்பவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

தமிழில் இதற்கு ஒரு மரபே உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்று ஒரு வகை கொடிகட்டிப் பறந்தது. குதிரை திருடப் போய்க் கால் வெட்டப்பட்ட ஒருவன், ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டே தன் கதையைத் தானே சொல்லி ஊரைச் சிரிக்கவைப்பான். கடைசியில் சாமி அருளால் கால் முளைத்துவிடும். முளைக்காத மாதிரி ஒன்றை யாராவது எழுதியிருந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

உங்களுக்கு உதவ நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். என் எடை முழுக்க அந்தக் கையில்தான் இருக்கிறது, பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் விழுவோம். கட்டையை "பத்திரமா" எங்கோ கொண்டுபோய் வைக்காதீர்கள்.

பொது இடத்தில் விழுந்துவிட்டால்?

விழுவேன். அக்குள் கட்டை வைத்திருப்பவர் விழாமல் காலம் தள்ள முடியாது. அதனால் விழுவதற்கும் ஒரு முறை கற்றுக்கொள்ள வேண்டும். சரிகிறோம் என்று தெரிந்ததும் கட்டைகளைப் பக்கவாட்டில் வீசிவிட வேண்டும். பிடித்துக்கொண்டே விழுந்தால் விலா எலும்பு கட்டையின் மேல் போய் இறங்கும். தலையை மார்போடு சேர்த்துக்கொண்டு, பிட்டமோ உள்ளங்கையோ முதலில் படும்படி விழப் பாருங்கள். வீட்டில் மெத்தை போட்டுப் பழகலாம். என் தம்பி பக்கத்தில் நின்று மதிப்பெண் போடுவான்.

அடுத்தது எழுந்திருப்பது. இதில்தான் பொதுமக்கள் ஆபத்து. நாலு பேர் ஓடி வந்து நாலு திசையில் தூக்குவார்கள், ஒருவர் சோடா தெளிப்பார். நான் கீழே கிடந்தபடியே அதிகாரமாகச் சொல்லிவிடுவேன்: "யாரும் தொடாதீங்க. ஒரு ஸ்டூல் கொண்டாங்க." ஸ்டூல் வந்ததும் அதில் கையூன்றி, காலிபரின் முட்டி லாக்கைப் போட்டு, மெதுவாக ஏறிவிடலாம். எழுந்ததும் எல்லோரையும் பார்த்து "யாருக்கும் அடி படலையே?" என்று கேட்பது என் வழக்கம். சட்டென்று சிரித்துவிடுவார்கள், கூட்டம் கலைந்துவிடும். இல்லாவிட்டால் நான் தெருமுனை திரும்பும் வரை நின்று "ஐயோ பாவம்" பார்ப்பார்கள்.

விழுவதில் பெரும்பகுதி கட்டையின் அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷினால்தான். தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் நனைந்த மார்பிள் தரையில் நிற்கவே நிற்காது. ஒரு ஜோடி புஷ் எப்போதும் பையில் இருக்கட்டும். அது வாங்கிய பிறகு தன்னம்பிக்கைப் புத்தகம் வாங்கலாம்.

தன்னம்பிக்கை எப்படி வந்தது?

மனசுக்குள்ளிருந்து பொங்கி வரும் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அது ஒரு லேத் பட்டறையிலிருந்து வந்தது. பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார்கள். அதுவரை நான் வெளியே போக வேண்டுமென்றால் அப்பாவுக்கு லீவு வேண்டும், இல்லாவிட்டால் தம்பிக்கு மனசு வர வேண்டும். நூலகம் என்றாலும் தோழி வீடு என்றாலும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற மாதிரிதான். வண்டி வந்ததும் என் பேச்சே மாறிவிட்டதாக அம்மா சொன்னார். குரல் உயர்ந்ததாம். உயராமல்? நினைத்தால் எழுந்து போய்விடலாம் என்கிற ஆள் பேசுகிற பேச்சே வேறு. இப்போது இரு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை அரசே இலவசமாகத் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருக்க வேண்டியிருக்கும்.

அடுத்து கழிப்பறை. யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். வெளியூர் போகிற அன்று காலையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் எங்களில் ஏராளம். போகிற இடத்தில் உட்கார முடிகிற கழிப்பறை இருக்குமா என்று தெரியாது. தண்ணீர் குடிக்காமல் நாவறண்டு உட்கார்ந்திருப்பவளிடம் "கான்ஃபிடன்டா பேசும்மா" என்றால் என்ன பேசுவாள்? எங்கள் அலுவலகத்தில் வெஸ்டர்ன் கழிப்பறையும் கைப்பிடியும் வைக்க நான் மனு மேல் மனு எழுதினேன். வைத்த பிறகு அதை அதிகம் பயன்படுத்துவது முட்டிவலிக்கார ஊழியர்கள்தான். அவர்களிடம் வாடகை வசூலிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மூன்றாவது, சம்பளம். அதற்கு விளக்கம் தேவையில்லை.

பாராலிம்பிக் வீரர்களைப் பார்த்தால் ஊக்கம் வருமே?

மாரியப்பன் தங்கவேலுவைப் பார்த்தால் எனக்கும் கைதட்டத்தான் தோன்றும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில் பாட்மின்டனில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வாங்கினார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள்.

சங்கடம் எங்கே என்றால், "மாரியப்பனைப் பாருங்க, நீங்க ஏன் சோர்ந்து போறீங்க?" என்று என்னிடம் சொல்வார்கள். எதிர்வீட்டுப் பையனுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, அவனிடம் யாரும் "நீரஜ் சோப்ராவைப் பார், நீ ஏன் ஈட்டி எறியவில்லை?" என்று கேட்பதில்லை. மாரியப்பன் தாண்டுவது ஆறடிக்கு மேல். எனக்குத் தாண்ட வேண்டியது ஒரு வங்கியின் முக்கால் அடிப் படி. அதற்கு நான் பயிற்சி எடுப்பதைவிட அவர்கள் ஒரு சரிவுப் பாதை போடுவது சுலபம்.

என் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும், அக்கா?

முதலில் சாப்பிடுங்கள். இதைக் கேட்டு வருகிற அம்மாக்கள் பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் காகித வேலை. யுடிஐடி என்கிற அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள், எல்லாக் கதவுக்கும் அதுதான் சாவி. 40 சதவீதம், அதற்கு மேல் என்று சான்று இருந்தால் சலுகைகள் பெரும்பாலும் கிடைக்கும்: 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீதமும் அரசு வேலையில் 4 சதவீதமும் இடஒதுக்கீடு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. அதனால் முன்பு மறுத்துவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள், திரும்பக் கேளுங்கள்.

வைத்தியத்தை அருகிலேயே தேடுங்கள். தெற்கே இருப்பவர்களுக்குத் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனபோது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் தன் கிராமத்திலேயே ஆரம்பித்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

வீட்டில், பிள்ளைக்கு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் தம்பி தண்ணீர் எடுத்து வருவான், நான் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். எனக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தால் நான் விருந்தாளியாகவே வளர்ந்திருப்பேன். திட்டவும் செய்யுங்கள். தம்பிக்கு விழுந்த அடியில் பாதி எனக்கும் விழுந்தது, அந்த வகையில் அப்பா சமத்துவவாதி.

உங்களுக்கு விரக்தியே வராதா?

வரும். காலிபர் தொடையில் உரசிப் புண்ணாகி, வெயிலில் வேர்த்துக்கொட்டி, ஆட்டோவும் நிற்காமல் போகிற நாளில் நம்பிக்கை, நகைச்சுவை ஒன்றும் வேலை செய்யாது. அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடுவேன். அது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் போய்விட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். காலுக்கு டாக்டர் பார்த்தவர்கள் மனசுக்குப் பார்க்க வெட்கப்படுவது எனக்குப் புரிந்ததே இல்லை.

வயதாக ஆக என்ன செய்யப்போகிறீர்கள்? சக்கர நாற்காலிக்கு மாறுவது தோல்விதானே?

போலியோ ஒரு தடவை வந்து போவதோடு முடிவதில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, தாக்குப்பிடித்த தசைகளும் சோர ஆரம்பிக்கும். இத்தனை வருஷம் இரட்டை வேலை பார்த்த நரம்புகள் களைத்துவிடுகின்றன. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்பார்கள். எனக்கு இடது காலிலும் தோள்களிலும் தொடங்கிவிட்டது. இதற்கு "விடாமல் உடற்பயிற்சி செய்" என்ற வழக்கமான அறிவுரை ஆபத்து. களைத்துப்போகும் அளவுக்குச் செய்தால் இருக்கிற பலமும் குறையும். விட்டுவிட்டு ஓய்வெடுத்து, பலத்தைச் சேமித்துச் செலவழிக்கச் சொல்கிறார் டாக்டர். கணக்குப்பிள்ளைக்கு அது கஷ்டமில்லை.

ஆகவே வீட்டுக்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்த முதல் வாரம் அம்மா பேசவே இல்லை. மகளை நடக்கவைக்கத் தான் பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கோ இரண்டு கையும் காலியாக இருப்பதே புதிதாக இருந்தது. கட்டை பிடிக்கிறவரையில் ஒரு டம்ளர் காபியைக்கூட அடுப்படியிலிருந்து கூடத்துக்கு என்னால் கொண்டுவர முடிந்ததில்லை. இப்போது மடியில் தட்டை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அம்மாவுக்கு முதலில் கொடுப்பேன். சர்க்கரை பற்றவில்லை என்று அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போதைய பிரச்சினை வாசல். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் சரிவு வேண்டும் என்பது கணக்கு, ஆக 18 அடி. எங்கள் தெருவின் அகலமே அவ்வளவு இல்லை. நேராகப் போட்டால் சரிவு எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முடியும். கொத்தனார் அதைச் சுவரோரமாக மடக்கிக் கொண்டுவரலாம் என்கிறார், வீட்டுக்காரர் அங்கேதான் முருங்கை மரம் இருக்கிறது என்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.